வைத்தியர் கேட்க வேண்டிய கேள்வி
இரத்தினபுரி மருத்துவ பீடமும் இடம்பெயர்ந்த எம் குடும்பங்களும்

வருத்தம் வந்தால் நாம் வைத்தியசாலையைப் பற்றி நினைக்கின்றோம். மருந்து இருக்கின்றதா, கட்டில் கிடைக்குமா, பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் யோசிக்கின்றோம். ஆனால் அங்கே நம்மைப் பார்க்கப்போகும் வைத்தியர் எங்கே படித்தார், எப்படிப் படித்தார், எந்த நோயாளரைப் பார்த்துப் பழகினார் என்று நாம் யோசிப்பதில்லை. அது படித்தவர்களின் விடயம், கொழும்பில் பேச வேண்டிய விடயம் என்று விட்டுவிடுகின்றோம்.

அது சரியல்ல. மருத்துவக் கல்வியை நவீனமாக்குவது என்று இன்று பேசப்படும் விடயம் குருவிட்டப் பகுதியில் வயலிலும் தோட்டத்திலும் மாணிக்கக் குழியிலும் வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களை நேரடியாகத் தொடுகின்றது. மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் வீட்டை இழந்து, பாடசாலையிலோ உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ வாழும் குடும்பங்களை இன்னும் கூடுதலாகத் தொடுகின்றது. எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு கேள்வியின் விலை

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவர் மூன்று நாள் காய்ச்சலுடன் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகின்றார். தலையிடி, உடம்பு முழுவதும் வலி, கண் சிவந்திருக்கின்றது. பயிற்சிக்கு வந்துள்ள மருத்துவ மாணவி கேட்கின்றார்:

“என்ன வேல செய்றீங்க ஐயா?”

“தோட்ட வேலதான் மிஸ்.”

“எங்க இருக்கீங்க?”

“மேக்கணக்கு லயத்துல.”

மாணவி அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். எழுதியதில் பொய் ஏதுமில்லை. ஆனாலும் நோயைக் கண்டுபிடிக்க உதவும் விடயம் அதில் இல்லை. அதே மாணவி இன்னும் இரண்டு நிமிடம் நின்று கேட்டால் என்ன நடக்கும்?

“கடைசி ரெண்டு மூணு கிழமையில சேத்துல, தண்ணியில நின்னு வேல செஞ்சீங்களா ஐயா?”

“ஆமா மிஸ். மண்ணு சரிஞ்சதுக்கப்புறம் தோட்டத்துல நாலு நாள்தான் பேரு. அதால கீழ மாத்தயா ஒருத்தரோட வயல்ல கைக்காசுக்கு வரப்பு வெட்டப் போனேன். கால்ல ஒரு வெட்டுக்காயமும் இருந்துச்சு.”

“இப்பவும் லயத்துலதான் இருக்கீங்களா?”

“இல்ல மிஸ். ஸ்கூல்ல தங்கியிருக்கோம். லயத்துக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

இப்போது கதை வேறு. சேறு, காயம், காய்ச்சல், சிவந்த கண் எல்லாம் சேர்ந்து ஒரு நோயைச் சுட்டுகின்றன. அதுவே எலிக்காய்ச்சல். சிங்களத்தில் ‘மீ உண’ என்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஒருவருக்குத் தானாக வருவதில்லை. அதை மருத்துவ பீடம் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எலிக்காய்ச்சல் எப்படி வருகின்றது?

லெப்டோஸ்பைரா என்ற, சுருள் வடிவான மிக நுண்ணிய கிருமியே இதற்குக் காரணம். எலியின் சிறுநீரில் இக்கிருமி வெளியேறுகின்றது. மாடு, எருமை, நாய் முதலிய விலங்குகளின் சிறுநீரிலும் இருக்கலாம். ஈரமான சேற்றிலும் தேங்கிய நீரிலும் அது பல நாட்கள் உயிருடன் கிடக்கும். கால் கையிலுள்ள காயம், வெடிப்பு, நெடுநேரம் நீரில் ஊறிய தோல், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் வழியாக மனித உடலுக்குள் நுழைகின்றது. பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம் வரை செல்லலாம்.

கடும் காய்ச்சல், தலையிடி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்க முடியாத தசைவலி, கண் சிவத்தல் ஆகியன முதல் அறிகுறிகள். பலர் குணமடைகின்றனர். சிலருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீர் குறைந்து, சிறுநீரகம் பழுதடையும். நுரையீரலில் இரத்தம் கசிந்து உயிர் போவதும் உண்டு. நேரத்துடன் கண்டுபிடித்தால் பெனிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற சாதாரண மருந்துகளால் குணப்படுத்தலாம்.

இங்கேதான் வைத்தியரின் பயிற்சி முக்கியமாகின்றது. தொடக்க நாட்களில் டெங்கு போலவும் சாதாரண வைரஸ் காய்ச்சல் போலவும் எலிக்காய்ச்சல் தோன்றும். டெங்குவுக்குக் கிருமிகொல்லி மருந்து பயன்படாது. எலிக்காய்ச்சலுக்கு அது அவசியம். இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்ய நாட்கள் எடுக்கலாம். அதுவரை வைத்தியருக்கு வழிகாட்டுவது நோயாளர் சொல்லும் கதைதான்.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் எலிக்காய்ச்சல் பெரும் கொள்ளைநோயாகப் பரவியது. 7,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். நோய் அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. வயல், மாணிக்கக் குழி, மழை, களு கங்கையின் வெள்ளம் என்று நோய்க்கு வேண்டிய எல்லாமே இங்கு உள்ளன. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த பெருவெள்ளங்களை நம்மில் பலர் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்த பின் சேற்றை அள்ளி வீட்டைத் துப்புரவாக்கும் நாட்களும் ஆபத்தானவை.

வைத்தியரை எப்படி உருவாக்கினார்கள்?

கொழும்பில் மருத்துவப் பள்ளி 1870இல் தொடங்கியது. பேராதனையில் 1962இலும், யாழ்ப்பாணத்தில் 1978இலும் மருத்துவ பீடங்கள் தோன்றின. பின்னர் காலி, களனி, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, மட்டக்களப்பு, அநுராதபுரம் என்று அவை பெருகின.

பழைய முறையில் மாணவர் முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறு, உடற்றொழில், உயிர் இரசாயனம் என்பவற்றை விரிவுரை மண்டபத்திலும் பிணப் பரிசோதனை அறையிலும் படிப்பார். பிறகுதான் நோயாளரைக் காண்பார். அதுவும் நகரத்துப் பெரிய வைத்தியசாலையின் கட்டிலில். நோயாளர் எந்த வீட்டிலிருந்து வந்தார், எந்த நீரைக் குடித்தார், எந்தச் சேற்றில் நின்றார் என்பது கட்டிலில் தெரியாது. கட்டிலில் நோய் மாத்திரமே தெரியும்.

இந்த முறை இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலுமிருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வுகூடமும் பெரிய வைத்தியசாலையும் இல்லாத பள்ளிகளை மூட வேண்டும் என்றார். அதனால் பெரும் நன்மை விளைந்தது. போலிப் பள்ளிகள் ஒழிந்தன, மருத்துவம் உண்மையான விஞ்ஞானமானது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மக்களுக்கு வைத்தியர்களை உருவாக்கிய ஏழு பள்ளிகளில் ஐந்து மூடப்பட்டன. ஏழைகள் வாழ்ந்த இடங்களுக்கு வைத்தியர் கிடைப்பது இன்னும் கடினமாயிற்று. தரத்தை உயர்த்தும்போது அது யாருக்காக உயர்த்தப்படுகின்றது என்பதையும் கேட்க வேண்டும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

புதிய பாடத்திட்டம் என்றால் என்ன?

கடந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் உலகெங்கும் மருத்துவப் பாடத்திட்டம் மாறிவருகின்றது. இலங்கையில் பேராதனை மருத்துவ பீடம் 1970களிலேயே மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் முறையைப் பயிற்றும் நிலையமொன்றைத் தொடங்கியது. கொழும்பு மருத்துவ பீடம் 1995இல் தன் பாடத்திட்டத்தைப் பெரிதும் மாற்றியது. பாடங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கற்பிப்பதைக் குறைத்து ஒன்றுடன் ஒன்று இணைத்தது. சமூக மருத்துவத்துக்கும் மனித நடத்தை பற்றிய கல்விக்கும் தனிப் பிரிவுகளை ஏற்படுத்தியது.

இம்மாற்றங்களின் சாரத்தை மூன்றாகச் சொல்லலாம்.

முதலாவது, இணைத்துக் கற்பது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கின்றது என்பதையும், எலிக்காய்ச்சல் அதை எப்படிக் கெடுக்கின்றது என்பதையும், அந்நோய் வயலிலிருந்து எப்படி வருகின்றது என்பதையும் ஒன்றாகப் படிப்பது.

இரண்டாவது, நோயாளரிடம் நேரத்துடன் செல்வது. மூன்றாம் ஆண்டு வரை காத்திராமல், படிப்பின் தொடக்கத்திலேயே வைத்தியசாலைக்கும் குடும்பங்களிடமும் போய்ப் பேசக் கற்பது.

மூன்றாவது, கைத்திறனை முதலில் பொம்மையில் பழகுவது. ஊசி ஏற்றுதல், மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்தல், பிரசவம் பார்த்தல் முதலியவற்றை மனித உருவப் பொம்மைகளில் பல தடவை பழகிய பின்னரே மாணவர் நோயாளரிடம் வரவேண்டும். ஏழை நோயாளியின் உடல் யாருடைய முதல் முயற்சிக்கும் இடமாகக் கூடாது. இது கருணையால் தரப்படும் சலுகையன்று, நோயாளரின் உரிமை.

இவை புதியவை என்று சொன்னாலும், திருச்சபையின் மருத்துவப் பணியில் இவற்றுக்குப் பழைய வேர்கள் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். மக்களின் மொழியில் கற்றவரே மக்களிடையே நின்று பணிசெய்வார் என்று கண்டு தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். ஆங்கில மருத்துவ நூல்களைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றனர். தமிழ்நாட்டின் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ள அங்கு, மாணவர் கிராமத்துக்குச் சென்று தங்கி, வீடு வீடாகப் போய், மக்களின் வாழ்க்கையையும் நோயையும் சேர்த்துப் படிக்கின்றனர்.

நம் அருகில் ஒரு மருத்துவ பீடம்

பெலிஹுல் ஓயாவைத் தலைமையிடமாகக் கொண்ட சபரகமுவ பல்கலைக்கழகம் 1990களில் உருவானது. அதற்கென மருத்துவ பீடமொன்று 2010களின் கடைசி ஆண்டுகளில் இரத்தினபுரியில் தொடங்கப்பட்டது. இரத்தினபுரி போதனா வைத்தியசாலையே அதன் மாணவர்களின் பயிற்சிக்களம். ‘போதனா வைத்தியசாலை’ என்றால் சிகிச்சையோடு கற்பித்தலும் நடைபெறும் வைத்தியசாலை என்று பொருள். குருவிட்டயிலிருந்து கொழும்பு வீதியில் பஸ் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குள் அங்கு போய்விடலாம். நம் மக்கள் கடும் வருத்தத்துக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போகும் அதே ஆஸ்பத்திரிதான்.

இப்பீடத்தின் கட்டிடங்களுக்கும் வசதிகளுக்கும் சவூதி அபிவிருத்தி நிதியம் 2 கோடி 80 இலட்சம் அமெரிக்க டொலர் கடன் வழங்க 2023இல் ஒப்பந்தமானது. இதில் ‘கடன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடனைத் திருப்பிச் செலுத்துவது நாட்டு மக்கள். கடையில் சீனி வாங்கும்போதும் சவர்க்காரம் வாங்கும்போதும் நாமும் வரி கட்டுகின்றோம். ஆகவே கொழுந்து பறிப்பவரும் வயலில் கூலிக்குப் போகிறவரும் இப்பீடத்துக்குப் பணம் கொடுப்பவர்களே. அது யாருடைய நோயைக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கட்டிடம் தேவை. ஆய்வுகூடம், நூல்நிலையம், மாணவர் விடுதி, பயிற்சிப் பொம்மைகள் எல்லாம் தேவை. ஆனால் கட்டிடம் கேள்வி கேட்காது. வயலுக்கும் லயத்துக்கும் இடம்பெயர்ந்தோர் தங்கும் இடத்துக்கும் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரும், அதற்கு நேரம் ஒதுக்கும் பாடத்திட்டமும் இருந்தால்தான் அந்த இரண்டாவது கேள்வி பிறக்கும்.

மொழியும் இதனோடு சேர்ந்ததே. இலங்கையில் மருத்துவப் படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. நோயாளர் பேசுவதோ சிங்களம் அல்லது தமிழ். ‘கெண்டைக்கால் கடுக்குது’ என்று தோட்டத்துத் தாய் சொல்வதைப் புரிந்துகொள்ளாத மாணவர், நோயின் முக்கிய அறிகுறியைத் தவறவிடுவார். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இரத்தினபுரியில் பயிலும் சிங்கள மாணவர் நோயாளருடன் பேசும் அளவுக்குத் தமிழ் கற்பதும், தமிழ் மாணவர் அவ்வாறே சிங்களம் கற்பதும் மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதியாக வேண்டும்.

ஆராய்ச்சி எங்கே நடக்க வேண்டும்?

கிராமப்புறத்தில் மருத்துவ பீடம் இருப்பதன் பயனை அநுராதபுரத்தில் காணலாம். ரஜரட்ட பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 2006இல் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 2008இன் எலிக்காய்ச்சல் கொள்ளைநோய் வந்தது. புதிய பீடத்தின் ஆசிரியர்கள் அந்நோயைத் தம் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டனர். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் இலங்கை நோயாளரின் இரத்தத்திலிருந்தே கிருமிகளை வளர்த்து அவற்றின் வகைகளை ஆராய்ந்தனர். விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோயும் அங்கு ஆராயப்படுகின்றது.

இதனால் நமக்கு என்ன என்று கேட்கலாம். லெப்டோஸ்பைராவில் பல வகைகள் உண்டு. இடத்துக்கு இடம் வகை மாறும், சுமக்கும் விலங்கும் மாறும். ஓரிடத்தில் எலி முக்கியமென்றால் இன்னோரிடத்தில் மாடு முக்கியமாகலாம். பரிசோதனைகளும் உள்ளூர்க் கிருமிக்கு ஏற்றதாக இருந்தால்தான் நோயைச் சரியாகக் காட்டும். அநுராதபுரத்து உலர் வயலில் கண்டறிந்ததை இரத்தினபுரியின் ஈர வயலுக்கும் மாணிக்கக் குழிக்கும் அப்படியே பொருத்த முடியாது. இங்குள்ள நோயை இங்கேதான் ஆராய வேண்டும்.

ஆராய்ச்சிக்கு இரத்தமோ தகவலோ கேட்கும்போது, எதற்காக என்று நமக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். நாம் சம்மதித்தால் மாத்திரமே எடுக்கலாம். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். மறுத்ததற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. இவை உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஆராய்ச்சி நெறிகள். மருத்துவ மாணவரும் இவற்றைப் படிக்கின்றனர், நாமும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய விலாசத்தின் ஆபத்து

இடம்பெயர்ந்த குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய விடயத்துக்கு இப்போது வருகின்றோம்.

எலிக்காய்ச்சல் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியர் சந்தேகிக்கும்போதே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், அதற்கான படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அப்படிவம் நோயாளர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போகும். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, அதாவது நாம் ‘பி.எச்.ஐ. மாத்தயா’ என்று அழைப்பவரை, வீட்டுக்கு அனுப்புவார். பரிசோதகர் நோய் எங்கே தொற்றியது என்று விசாரித்து, சுற்றியுள்ளோருக்கு ஆலோசனை சொல்லி, அறிக்கை எழுதுவார். வாரந்தோறும் இக்கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் செல்லும். எந்தப் பகுதியில் நோய் கூடுகின்றது, எங்கே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் இக்கணக்கைப் பார்த்தே தீர்மானிக்கப்படும்.

இப்பொதுச் சுகாதார முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கையின் முதல் சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. நம் குரு கங்கை சேரும் களு கங்கை கடலை அடையும் ஊர் அது. நாடெங்கும் பரவிய இம்முறை நல்ல முறை. ஆனால் அது முழுவதும் ஒரு வரியில் தங்கியிருக்கின்றது. அதுதான் விலாசம்.

முன்னே சொன்ன தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவர் ‘மேக்கணக்கு லயம்’ என்று சொன்னார். நம்மில் எவரும் அப்படித்தான் சொல்வோம். அடையாள அட்டையில் அதுதான் இருக்கின்றது, மனதிலும் அதுதான் வீடு. ஆனால் பரிசோதகர் அங்கே போனால் ஆளில்லாத லயம்தான் இருக்கும். அவர் தங்கியுள்ள பாடசாலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. அவருக்கு நோய் தொற்றிய வயல் எதுவென்று பதிவாகாது. அதே வயலில் மறுநாள் வரப்பு வெட்டப் போகும் பத்துப் பேருக்கும் தெரியாது. வீடு இழந்தவர் கணக்கிலிருந்தும் காணாமற்போகின்றார்.

ஆகவே மருத்துவ மாணவருக்குப் படிவம் நிரப்பக் கற்பிக்கும்போது, “வீடு எங்கே?” என்ற ஒரு கேள்வி போதாது. “அட்டையில் உள்ள விலாசம் எது? இப்போது இரவில் எங்கே தூங்குகிறீர்கள்? கடைசியாக எங்கே வேலை செய்தீர்கள்?” என்ற மூன்றையும் கேட்கப் பழக்க வேண்டும். அடிக்கடி மண் சரியும் மாவட்டத்தில் உள்ள ஒரு மருத்துவ பீடம் இதைக் கற்பிக்காவிட்டால் வேறு யார் கற்பிப்பார்? பெருஞ்செலவில்லாத நவீனமாக்கல் இது.

நாம் செய்யக்கூடியவை

பாடத்திட்டம் மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்காவிட்டாலும் நாமே சொல்லலாம்.

1. காய்ச்சலுடன் வைத்தியரிடம் போனால், கடந்த ஒரு மாதத்தில் வயல், மாணிக்கக் குழி, கான், வெள்ளச் சேறு ஆகியவற்றில் இறங்கியிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். ‘தோட்ட வேலை’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒருநாள் கைக்காசு வேலையையும் சொல்லுங்கள்.

2. பழைய விலாசத்தோடு, இப்போது தங்கியிருக்கும் இடத்தையும் அப்பகுதிக் கிராம உத்தியோகத்தர் பிரிவையும் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கையில் வைத்திருங்கள்.

3. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்காதீர்கள். டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் அவை கேடு செய்யும். சிறுநீர் குறைந்தால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், இரத்தம் கலந்த சளி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

4. வயல் வேலைக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ டொக்சிசைக்கிளின் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேளுங்கள். ஆபத்துக் கூடிய வேலை செய்வோருக்கு வாரம் ஒரு தடவை கொடுக்கப்படுகின்றது. தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இது ஏற்றதல்ல. மருந்து எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போக வேண்டும்.

5. காலில் காயம் இருந்தால் அது ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. முடியாவிட்டால் காயத்தை நீர் புகாதவாறு மூடிக்கொண்டு இறங்குங்கள். வேலை முடிந்ததும் சுத்தமான நீரில் கழுவுங்கள்.

6. ஆஸ்பத்திரியில் மாணவர் வந்து கேள்வி கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு நீங்களும் ஓர் ஆசிரியர். ஆனால் உங்கள் உடலைப் பரிசோதிக்கும் முன் உங்கள் சம்மதம் கேட்கப்பட வேண்டும். பெண்கள் தமக்கருகில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கலாம்.

நம் பிள்ளைகள் அங்கே படிக்க முடியாதா?

கடைசியாக ஒரு விடயம். சேற்றில் நின்ற தகப்பனின் மகள் வைத்தியரானால், அந்த இரண்டாவது கேள்வியை அவளுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

மருத்துவ பீடத்துக்குச் செல்ல உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படிக்க வேண்டும். அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. இரத்தினபுரி அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. ஆனால் இந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கு உரியதே அன்றித் தோட்டத்துக்கு உரியதல்ல. சபரகமுவையில் தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் மிகக் குறைவு. ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் பிள்ளையின் திறமை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது. மருத்துவ பீடத்தின் வாசல் இரத்தினபுரியில் இருந்தாலும், அதற்கான படி நம் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான அறையில்தான் தொடங்குகின்றது.

இடம்பெயர்ந்த பெற்றோருக்கு ஒரு சிறு ஆலோசனை. பல்கலைக்கழக அனுமதியில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்பது கணக்கில் எடுக்கப்படும். ஆகவே பாடசாலை மாறும்போது விடுகைப் பத்திரத்தைப் பெற்று, பிறப்புச் சான்றிதழோடு நனையாத உறையில் வைத்திருங்கள். வெள்ளம் வந்தால் முதலில் தூக்க வேண்டிய பொருட்களில் அதுவும் ஒன்று.

நல்ல சமாரியனின் கதை நாம் அறிந்ததே. காயப்பட்டவனைக் கண்டும் இருவர் விலகிப் போனார்கள். சமாரியன் அவனருகே போனான். அருகே போனதால்தான் காயம் எங்கே என்று தெரிந்தது, எண்ணெயும் இரசமும் எங்கே வார்க்க வேண்டும் என்று தெரிந்தது. வைத்தியக் கல்வியும் அப்படியே. நம் அருகே வந்து கற்கும் வைத்தியரே நம் நோயை அறிவார். அவர் வரும்போது, நாம் எங்கிருந்து வந்தோம், இப்போது எங்கே இருக்கின்றோம், எந்தச் சேற்றில் நின்றோம் என்பதை மறைக்காமல் சொல்வோம்.

குழுக்களில் கலந்துரையாட

- நம் முகாமில் அல்லது குடியிருப்பில் கடந்த மழைக்காலத்தில் யாருக்கெல்லாம் காய்ச்சல் வந்தது? அவர்கள் எங்கே வேலை செய்தவர்கள்? பரிசோதகர் வந்து பார்த்தாரா?
- நாம் இப்போது தங்கியுள்ள இடம் எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் பிரிவுக்கு உரியது? குடும்பநல உத்தியோகத்தரிடம் நம் பெயர்கள் உள்ளனவா?
- மருத்துவ மாணவர் ஒரு நாள் நம்மிடம் வந்தால், அவர்கள் பார்க்க வேண்டும் என்று நாம் நினைக்கும் மூன்று இடங்கள் எவை?
- நம் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்க என்ன குறைவு? அதை யாரிடம், எப்போது, யார் போய்ச் சொல்வது?